மூச்சு நிறம்

கதவுக்கு அடியில் கசிந்த வெளிச்சத்தின் நிறம் சரியில்லை.

அந்தக் கதவுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்ததே சரியில்லைதான். கடைக்கு அடியிலிருந்த நிலவறைச் சுவரில் அப்படியொரு இரும்புக் கதவு இருப்பது அரை மணி நேரத்துக்கு முன்புவரை யாருக்கும் தெரியாது. தம்பி ஆர்வோ சுத்தியலால் நாலு போடு போட்டதும் காரை மொத்தமாகப் பெயர்ந்து விழுந்து, மூன்று தாழ்ப்பாளோடு அது வந்து நின்றது. ஆனாலும் ஐலிக்கு முதலில் உறைத்தது நிறம்தான். முப்பது வருஷமாக அவளுக்கு இதே பிழைப்பு. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி, இளகியதும் வளைத்து எழுத்தாக்கி, உள்ளேயிருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துளியூண்டு வாயுவை விட்டு மூடி, இந்த பியூட் நகரத்து மதுக்கடைகள், லாட்ஜுகள், பாதிரியார் ஒருவரின் சர்ச் உட்பட எல்லாவற்றின் பெயரையும் எரியவிட்டவள் அவள். எந்த வாயு எந்த நிறத்தில் எரியும் என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

நியான் என்றால் அடுப்புக் கங்கின் செம்மஞ்சள். ஆர்கானில் ஒரு சொட்டுப் பாதரசம் சேர்ந்தால் நீலம். கிரிப்டான் சாம்பல் வெள்ளை. கதவடியில் தெரிந்தது இதில் எதுவும் இல்லை. சோகை பிடித்த ரோஸ், ஓரத்தில் லேசான ஊதா. குழாயில் மயிரிழை விரிசல் விட்டு வெளிக்காற்று உள்ளே நுழைந்தால்தான் அந்த நிறம் வரும். கடையில் அக்காவும் தம்பியும் அதற்கு மூச்சு நிறம் என்று பேர் வைத்திருந்தார்கள். குழாய் மூச்சுவிட ஆரம்பித்துவிட்டால் அதற்கு ஆயுசு சில மணி நேரம், மிஞ்சிப் போனால் சில நாள்.

இந்தக் காரை பூசி எழுபது வருஷமாவது ஆகியிருக்கும்.

"அக்கா, என்ன சிலையாட்டம் நிக்கிற? அந்தக் கடப்பாரையைக் கொடு" என்றான் ஆர்வோ.

"முதல்ல கதவுலேருந்து கையை எடுடா."

"ஏன், பேய் புடிச்சுக்குமா?"

"ஷாக் அடிக்கும். பதினஞ்சாயிரம் வோல்ட். அதுக்குப் பேயே தேவலாம்."

அவன் சிரித்தபோது குப்பென்று வெங்காய வாடை அடித்தது. மத்தியானம் கறியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து மூடிய பாஸ்டி இரண்டைத் தனியாளாகத் தின்றிருந்தான். அவனுக்கு இரண்டு வயதில் அம்மா செத்துப்போனாள். பதினாறு வயது ஐலி அன்றைக்கு அவனை இடுப்பில் தூக்கி வைத்தவள், முப்பத்தாறு வருஷமாகியும் இறக்கி விடவில்லை என்று ஊரில் கேலி செய்வார்கள். அது பொய்யும் இல்லை. சுவரை இடித்ததே அவளுடைய நச்சரிப்பால்தான். விளம்பரப் பலகைகளின் அலுமினியப் பெட்டிக்கு வெல்டிங் வைக்க ஆர்கான் சிலிண்டரை அவன் நிலவறையில் வைத்திருந்தான். வாயு கசிந்தால் போக வழியில்லாத இடத்தில் சிலிண்டர் ஆகாது, வெளிக்காற்றுக்கு விசிறி போடு என்று அவள் மாசக்கணக்காக உயிரை எடுத்தாள். விசிறிக்கு ஓட்டை போடத்தான் நடைபாதைப் பக்கத்துச் சுவரைத் தட்டினான்.

தாழ்ப்பாள்கள் மூன்றும் இந்தப் பக்கம் இருந்தன. பழைய காலத்தில் நடைபாதைக்கு அடியில் நிலக்கரி கொட்டிவைக்கும் அறைகள் இந்தத் தெருவெங்கும் உண்டு. நிலக்கரி எங்கேயும் எழுந்து போய்விடாது. அதற்கு எதற்கு வெளியிலிருந்து மூன்று தாழ்ப்பாள் என்று அவளுக்குத் தோன்றுவதற்குள், ஆர்வோ மூன்றையும் தட்டித் திறந்துவிட்டான்.

மூன்று படி கீழே, தலை இடிக்கிற உயரத்தில் செங்கல் வளைவு. நடுவில் இரண்டு சங்கிலியில் தொங்கிக்கொண்டு அந்தப் பலகை எரிந்தது. நாலே எழுத்து. குழாயின் இரண்டு முனையிலிருந்தும் வெட்டுப்பட்ட ஒயர் முழம் நீளத்துக்குத் தொங்கியது. அது எதோடும் சேரவில்லை. டிரான்ஸ்பார்மர் இல்லை, அதன் முனகலும் இல்லை. ரோஸ் வெளிச்சம் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, ஏறியது, இறங்கியது, அவசரமே இல்லாமல். உள்ளேயிருந்து வந்த குளிர் கணுக்காலைத் தொட்டது. நிலக்கரி வாடை, பூஞ்சை வாடை, எலிப்புழுக்கை வாடை என்று எழுபது வருஷம் மூடிக்கிடந்த இடத்துக்கு இருக்கவேண்டிய எந்த வாடையும் அந்தக் குளிரில் இல்லை.

"'ஓப்பன்'னு போட்டிருக்கு. எவனோ கள்ளச் சாராயம் வித்திருப்பான்" என்றாள் ஐலி. பேசினால் பயம் குறையும் என்று பேசினாள்.

"எங்க ஓப்பன்? எனக்கு என்னமோ ரஷ்யாக்காரன் எழுத்து மாதிரி இருக்கு."

"கண்ணாடி போடுன்னா கேக்குறியா?"

"உனக்குத்தான் போடணும். நல்லாப் பாரு. எல்லாமே திருப்பிப் போட்டிருக்கு."

அவள் நல்லாப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. கண்ணாடி வளைக்கிறவர்கள் எழுத்தை முகம் கீழே இருக்கும்படி மேஜையில் கிடத்தித்தான் வளைப்பார்கள். மாதிரித் தாளே இடவலம் மாறித்தான் இருக்கும். முப்பது வருஷம் அப்படியே படித்துப் படித்து, நேரான எழுத்துக்கும் திரும்பிய எழுத்துக்கும் அவள் கண்ணுக்கு வித்தியாசம் செத்துப்போயிருந்தது. தெருவில் ஆம்புலன்சின் நெற்றியில் மாற்றி எழுதியிருப்பதைக்கூட அவள் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போவாள். ஆர்வோ வெறும் ஒயர்க்காரன். அவன் கண் எல்லாருடைய கண்ணையும் போன்றது.

அப்படியானால் அவர்கள் நிற்பது பலகையின் முதுகுப் பக்கம். ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குத் தாவும் வளைவுகளும், அவற்றை மறைக்கப் பூசிய கறுப்புப் பெயிண்டும் இந்தப் பக்கம்தான் தெரிந்தன. முகம் அந்தப் பக்கம் பார்த்துத் தொங்கியது. அந்தப் பக்கம் சுவர் இருக்கவேண்டும். அவள் டார்ச்சை அடித்தாள். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது, எதன்மேலும் படவில்லை. இந்த ஊருக்கு அடியில் பழைய செம்புச் சுரங்கங்கள் எத்தனை மைல் ஓடுகின்றன என்பதற்கு யாரிடமும் சரியான கணக்குக் கிடையாது.

கடைக்காரன் எவனும் 'ஓப்பன்' பலகையை வாடிக்கையாளர் வருகிற திசையைப் பார்த்துத்தான் மாட்டுவான்.

ஐலி டார்ச்சை அணைத்தாள். "மூடுடா. மூடித் தொலை" என்றாள்.

"இரு அக்கா. கரண்ட் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்ல?"

மேலே கடையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நாலைந்து நாளில் கிறிஸ்துமஸ். எடுக்காமல் விட முடியாது.

"உள்ள கால வெச்ச, கால ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்."

"உத்தரவு மகாராணி" என்று அவன் சுத்தியலை நெற்றியில் வைத்து சல்யூட் அடித்தான்.

போனில் ஒரு லாட்ஜ்காரி. அவளுடைய பலகையில் ஒரு எழுத்து எரியவில்லையாம், அது இல்லாமல் படித்தால் கெட்ட வார்த்தை ஆகிறதாம், பஸ்ஸில் போகிற பிள்ளைகள் எல்லாம் போட்டோ எடுக்கிறார்களாம். வேறொரு நாளாக இருந்தால் ஐலி வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். சாயங்காலம் ஐந்தே கால். ஜன்னலுக்கு வெளியே அதற்குள் இருட்டிவிட்டது, மேட்டில் சுரங்கக் கோபுரங்களின் சிவப்பு விளக்குகளுக்கு நடுவே பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவளும் நிம்மதியாகப் பேசினாள். டக். டக். டக். லாட்ஜ்காரி கதையை முடிக்கிற நேரத்தில் சத்தம் நின்றது. ஐலி பேச்சின் நடுவிலேயே போனை வைத்தாள்.

நிலவறையில் ஆர்வோ இல்லை.

சுத்தியல் கதவருகே தரையில் நின்றது. படுக்கவில்லை, கைப்பிடி மேலே பார்க்க, தலைகீழாக, யாரோ பார்த்துப் பார்த்து நிறுத்தியதுபோல நின்றது. கதவு முழுக்கத் திறந்திருந்தது. ரோஸ் வெளிச்சம் ஏறி இறங்கியது.

"ஆர்வோ?"

"அக்கா."

குரல் உள்ளேயிருந்து வந்தது. அவன் குரல்தான், அவன் இழுக்கிற இழுப்புத்தான். ஆனால் ரொம்பக் கீழே இறங்கியிருந்தது. கிணற்றுக்குள் பெரிய அண்டாவை உருட்டினால் வருகிற சத்தம்.

ஐலி சட்டென்று நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். கனமான வாயு நெஞ்சில் நிறைந்தால் குரல் இறங்கும். ஹீலியத்தை உறிஞ்சினால் கீச்சுக்குரல் வருவதற்கு நேர் எதிர். சிலிண்டர் கசிந்து ஆர்கான் உள்ளே வழிந்திருக்கிறது. அது காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடிப் போய்த் தேங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, விஷமில்லை. யாரோடும் ஒட்டாது, எதோடும் சேராது, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற மந்த வாயு. அதனால்தான் விளக்குக்குள் அது வருஷக்கணக்காக உழைக்கிறது. அதனால்தான் அவளுக்கு அதனிடம் பயம். அது நிற்கிற இடத்தில் காற்று இருக்காது, அவ்வளவுதான். மூச்சு முட்டாது. இருமல் வராது. மூச்சு இழுத்து விடுகிற வேலை வழக்கம்போல நடக்கும், உடம்புக்குச் சந்தேகமே வராது. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. ஆள் காலி. காப்பாற்ற ஓடுகிற இரண்டாவது ஆளும் அப்படியே காலி.

சிலிண்டரிடம் ஓடினாள். வால்வைத் திருகப் போனவள் கை நின்றது.

வால்வு இறுக மூடியிருந்தது. அளவு காட்டும் முள் முழுசில் நின்றது. காலையில் வந்த புதுச் சிலிண்டர், ஒரு பொட்டு வாயுகூடக் குறையவில்லை.

லைட்டரைப் பற்றவைத்துக் கதவருகே கொண்டுபோனாள். நெஞ்சு உயரத்தில் சுடர் நின்றது. இடுப்பு உயரத்தில் நின்றது. முழங்காலுக்கு இறக்கியதும் ஊதி அணைத்தது மாதிரி போய்விட்டது. மறுபடி பற்றவைத்தாள். இந்த முறை தொடை உயரத்திலேயே அணைந்தது.

ஏறிக்கொண்டிருந்தது.

அவசர எண்ணை அழைத்து விலாசத்தைக் கத்தினாள். ஆறு நிமிஷத்தில் வருவதாகச் சொன்னார்கள். ஆறு நிமிஷம்! மூன்று மூச்சில் விழுகிறவனுக்கு ஆறு நிமிஷம் எதற்கு?

"அக்கா, நான் இங்கதான் இருக்கேன்" என்றது குரல். "பலகைக்கு அந்தாண்ட. வந்த வழி தெரியல. கரண்ட் எங்கயும் இல்லக்கா, நான் பாத்துட்டேன். இது வேற என்னமோ. இப்ப எனக்கும் எழுத்து நேரா இருக்கு. ஓப்பன்னு நல்லாப் படிக்க முடியுது. நீ சொன்னப்ப நம்பல. இங்க தரை சரிவா இருக்கு, கீழ யாரோ நடக்குறாங்க, நெறைய பேர் நடக்குறாங்க, நீ லைட் அடி, நீ லைட் அடிச்சா நான் அதைப் பாத்து வந்துருவேன், சீக்கிரம் அடி அக்கா, அக்கா, கேக்குதா, நீ அங்கதான இருக்க..."

பேசிக்கொண்டே போனது. அவன் நடுவில் மூச்சு இழுக்கவில்லை. ஒரு இடத்தில்கூட இழுக்கவில்லை. அதோடு ஆர்கான் குரலை ஒரு பிசிறுதான் இறக்கும். இப்படிப் பாதாளத்துக்கு இறக்க, அதைவிட மூன்று மடங்கு கனமான செனான் வாயு வேண்டும். ஒரு அறை நிறைய செனான் இந்த மாநிலத்தையே தலைகீழாகக் கொட்டினாலும் கிடைக்காது. அப்படியே இருந்தாலும், நெஞ்சில் காற்றில்லாத மனுஷன் ஒரு வாக்கியம் பேசுவான். இரண்டு பேசுவான். விழுந்துவிடுவான்.

இது விழவில்லை. இது பேசிக்கொண்டே இருக்கிறது.

அவளுக்கு மூச்சு அடக்கத் தெரியும். ரப்பர் குழாயைப் பல்லில் கடித்துக் கண்ணாடிக்குள் ஊதி ஊதிப் பழகிய நெஞ்சு; ஒன்றரை நிமிஷம் தாங்கும். பலகைகளை மேல்தளத்துக்கு ஏற்றுகிற வின்ச்சின் கயிறை உருவிக் கொக்கியைக் கையில் பிடித்தாள். ஆழமாக இழுத்தாள். வாயை மூடினாள். இறங்கினாள்.

முதல் படி. இரண்டாவது படி.

மூன்றாவது படியில் ஆர்வோ கிடந்தான்.

பலகைக்கு இந்தப் பக்கம். மல்லாக்க. கையைக் காலைச் சேர்த்து, நேர்த்தியாக, தச்சன் அளந்து வைத்த பலகை மாதிரி. கண் மூடியிருந்தது. வாய் மூடியிருந்தது.

"அக்கா" என்றது குரல், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து.

வாய் மூடித்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு அசையவில்லை.

"அக்கா, உன் முகம் தெரியுது. நிமிந்து பாரு."

பார்க்காதே. பார்க்காதே. அவன் இடுப்பு வாரில் கொக்கியை மாட்டு. கொக்கி வழுக்கியது. நெஞ்சு எரிய ஆரம்பித்தது. கத்த முடியாது, கத்தினால் மூச்சுப் போய்விடும், போனால் இழுக்கவேண்டும், இழுத்தால் அது உள்ளே வரும். மாட்டு. மாட்டிவிட்டது.

நிமிர்ந்துவிட்டாள்.

'ஓ' எழுத்தின் வட்டத்துக்குள், இருட்டில், ஒரு வாய் மட்டும் தெரிந்தது. அசைந்தது. தம்பியின் வாய், தம்பியின் முன்பல் இடுக்கு. அது பேசப் பேச வெளிச்சம் ஏறி இறங்கியது.

எப்படி மேலே வந்தாள் என்று தெரியாது. வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றினாள். சுற்றினாள். கயிறு விறைத்தது. படியில் தலை இடிபட்டு, இடிபட்டு, உடம்பு வாசலைத் தாண்டி வந்தது. அவள் பாய்ந்து கதவைச் சாத்தினாள். முதல் தாழ்ப்பாள்.

"அக்கா?" இரும்புக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில். "அக்கா, ஏன் மூடுற?"

இரண்டாவது.

"அக்கா, நான் உள்ள இருக்கேன்."

மூன்றாவது. அவள் அழுதுகொண்டே அதை உள்ளங்கையால் அறைந்து இறக்கினாள். சின்ன வயதில் இருட்டு அறையில் எழுந்துகொண்டு அவன் அழைக்கிற அதே அழைப்பு. எங்கே பிடித்தது அந்தச் சனியன், அவன் அழைக்கிற விதத்தை?

வின்ச்சில் ஏற்றி அவனை மேலே கடைத் தரையில் கிடத்தினாள். தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதினாள். அளவாக ஊதத் தெரிந்தவள். நெஞ்சு ஏறியது. மறுபடி. மறுபடி. நாலாவது முறை அந்த நெஞ்சு தானாக ஏறியது. தானாக இறங்கியது.

"ஆர்வோ! என் ராசா! என் தங்கமே!"

அவன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. பட்டதே தவிர, அதில் வாடையே இல்லை. வெங்காயம் இல்லை, காப்பி இல்லை, மனுஷ வாய் வாடைகூட இல்லை. அதிர்ச்சியில் தன் மூக்குத்தான் செத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். வேலைச் சட்டையின் நெஞ்சில் சிவப்பு நூலால் தைத்த பெயரைத் தடவிப் பார்த்தாள். ஆர்வோ. அவன் சட்டை, அவன் பெயர். அவனேதான். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

ஆம்புலன்சில் வந்தது பிரிஜிட். பள்ளிக்கூடத்தில் ஐலிக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். அவள் அண்ணன் மதுக்கடைக்குப் பச்சை இலைப் பலகை செய்து கொடுத்தது ஐலிதான்.

"தள்ளு ஐலி, தள்ளு. உசிரோட இருக்கான்ல, அப்புறம் என்ன ஒப்பாரி?" பிரிஜிட் முட்டி போட்டு ஆக்சிஜன் முகமூடியை அவனுக்கு மாட்டினாள். "கீழ வாயு கசிவா?"

"ஆமா."

கீழேயிருந்து இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. டக். டக். டக்.

பிரிஜிட் நிமிர்ந்தாள். "கீழ வேற யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?"

ஐலி ஆர்வோவின் கையை இறுகப் பிடித்தாள். "இல்ல" என்றாள். "யாரும் இல்ல. ஹீட்டர் குழாய். குளிருல அப்படித்தான் தட்டும்."

டக். டக்.

பிரிஜிட் கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையை வெட்டித் திறந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை இடது நெஞ்சில் வைத்தாள். புருவம் சுருங்கியது. கொஞ்சம் நகர்த்தினாள். இன்னும் நகர்த்தினாள். வலது பக்கம் கொண்டுபோய் வைத்ததும் கை நின்றது.

"ஐலி, இவனுக்குப் பொறப்புலேயே இதயம் வலது பக்கமா?"

"என்ன?"

"பத்தாயிரத்துல ஒருத்தருக்கு அப்படி இருக்கும்னு படிச்சிருக்கேன். இவ்வளவு நாளா ஒருத்தரும் சொல்லலியா?"

ஐலி தன் உள்ளங்கையை அவன் வலது நெஞ்சில் வைத்துப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும்" என்று பிரிஜிட் வெட்டிய சட்டையை விரித்துப் பார்த்துச் சிரித்தாள். "உனக்குத் தொழில் புத்தி எங்கதான் போகும்? சட்டையிலகூடவா பேரைத் திருப்பித் தைக்கணும்? பைகூட வலது பக்கத்துக்கு வந்திருக்கு!"

ஐலி பார்த்தாள். ஆர்வோ என்று படித்தாள். மறுபடி பார்த்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, எந்த எழுத்து முதலில் நிற்கிறது, அதன் கால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தாள். கடைசி எழுத்து முதலில் நின்றது. எல்லாமே திரும்பி நின்றன.

எப்போதும் இடது பக்கம் இருக்கிற அவனுடைய வகிடு வலது பக்கம் இருந்தது. கடிகாரம் வலது கையில். அதன் நொடிமுள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

டக்.

அவள் எழுந்து ஓடினாள். பிரிஜிட் என்னவோ கத்தினாள். படிகளில் உருண்டு, முட்டி உடைந்து, எழுந்து, ஓடினாள். இரும்புக் கதவுக்கு அடியில் ரோஸ் வெளிச்சம் இருந்தது. ஏறியது. இறங்கியது. ஏறியது, கொஞ்சம்தான்.

"ஆர்வோ! வந்துட்டேன்டா! அக்கா வந்துட்டேன்!"

முதல் தாழ்ப்பாள்.

"அக்கா" என்றது இரும்பு. இப்போது குரலில் ஆழமே இல்லை. வெறும் காற்று.

இரண்டாவது.

வெளிச்சம் இறங்கியது. ஏறவில்லை. அவள் மூன்றாவது தாழ்ப்பாளில் நகம் பிய்ந்து ரத்தம் வர இழுத்தாள். தானே அறைந்து இறக்கிய தாழ்ப்பாள். நகரவில்லை. நகர்ந்தது. கதவடியில் இருட்டாகிவிட்டது.

திறந்தாள். டார்ச்சை அடித்தாள். பலகை தொங்கவில்லை, சங்கிலி தொங்கவில்லை. மூன்று படிக்குக் கீழே, கை எட்டும் தூரத்தில், செங்கல் சுவர். நூறு வருஷத்து நிலக்கரிப் பொடி. பூஞ்சை வாடை. ஒரு ஆளும் இல்லை.

கதவின் உள்பக்கம், வாய் உயரத்தில், பனிபூத்த இரும்பில் ஒரு மூச்சின் ஈரம் மட்டும் படிந்திருந்தது. அவள் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் ஓரத்திலிருந்து சுருங்கியது. அவள் அதன்மேல் கன்னத்தை வைத்து அழுத்தினாள். இன்னும் சூடு இருந்தது. வெங்காய வாடை அடித்தது.

"ஐலி!" மேலேயிருந்து பிரிஜிட்டின் குரல், சந்தோஷமாக. "கண்ணத் தொறந்துட்டான்! எழுந்து உக்காந்துட்டான், சொன்னாக் கேக்க மாட்டேங்குறான்! உன்னத்தான் தேடுறான்!"

படியில் காலடிச் சத்தம் இறங்கி வந்தது.